ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை: பேச்சுக் கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு

காரைக்குடிப் பக்கம் வருகிறவர்கள் ஆத்தங்குடியில் உள்ள பழைய செட்டிநாட்டு மாளிகையான பெரிய வீட்டைப் பார்த்துவிட்டு, டைல்ஸ் பட்டறைக்குள்ளும் எட்டிப் பார்க்கிறார்கள். நாலு போட்டோ, "ஒரு டைல்ஸ் கல் எவ்வளவு?" என்று ஒரு கேள்வி, அத்தோடு கிளம்பிவிடுகிறார்கள். இந்தப் பட்டறைகளில் கல்லுக்குச் சமமான சரக்கு அங்கே வேலை பார்க்கிறவர்களின் பேச்சு. அதைக் கேட்டு வாங்கத் தெரிய வேண்டும்.

பேசுவதற்கு இடம் தோதானது. இந்தக் கல்லைச் சுடுவதில்லை, சூளை கிடையாது. எல்லாம் கைவேலை என்பதால் குரலை உயர்த்தாமலே பேசலாம். உள்ளே போனதும் கேமராவை எடுக்க வேண்டாம். "வணக்கம்ணே, வேலையப் பாக்கலாமா?" என்று கேட்டுவிட்டு ஓரமாக நின்றால் போதும்.

நேரம் முக்கியம். கண்ணாடிமேல் சட்டத்தை வைத்து, உள்ளே பூ அச்சை இறக்கி, அச்சின் ஒவ்வொரு அறையிலும் கலர் சிமெண்டுக் குழம்பை ஊற்றும்போது வாயைத் திறக்கவே கூடாது. ஒரு கலர் பக்கத்து அறைக்குள் வழிந்தால் அந்தக் கல் வீண். அச்சைத் தூக்கும்போதும் அப்படித்தான். கை ஆடினால் கோடு கலங்கிவிடும். உலர்ந்த சிமெண்டு மணலைத் தூவி, அதன்மேல் ஈரக் கலவையைப் போட்டு மட்டம் தட்டுகிற கட்டத்தில் கை தன்போக்கில் ஓடும். கேட்க நினைத்ததை அப்போது கேட்கலாம்.

கேள்வியின் வடிவம் அதைவிட முக்கியம். "நல்லா உழைக்குமா?" என்றால் "உழைக்கும்" என்பதோடு பேச்சு தீர்ந்துவிடும். "இந்தக் கல்லை எங்க போடக்கூடாதுண்ணே?" என்று கேட்டால் விஷயம் வரும். இது சிமெண்டுக் கல்; ஆசிட் ஊற்றிக் கழுவினால் அரித்துவிடும், எலுமிச்சை, புளி சிந்தினால் கறை நிற்கும். "இதே கலர் அப்புறம் கேட்டா கிடைக்குமா?" என்பதும் நல்ல கேள்வி. கலரைக் கையால் கலக்குவதால் ஒவ்வொரு தடவையும் சற்று வித்தியாசம் வரும். அது தெரிந்தவர்கள் உடைசலுக்கும் சேர்த்து பத்து சதவீதம் கூடுதலாக ஒரே தடவையில் வாங்கிவிடுவார்கள்.

பதில் வந்ததும் அடுத்த கேள்விக்குப் பாயாதீர்கள். வேலையில் கை இருக்கிறவர் பாதி சொல்லி நிறுத்துவார், ஒரு கல் முடிந்ததும் மீதியைச் சொல்வார். அந்த இடைவெளியைப் பொறுக்கமாட்டாமல் "யூட்யூப்ல பாத்தேன்" என்று ஆரம்பிப்பவர்களுக்கு மீதி கிடைப்பதில்லை. கூட்டமாகப் போவதும் சரிவராது. வேலைக்காரரிடம் கேட்டதற்கு வழிகாட்டி பதில் சொல்லத் தொடங்கினால் அவர் தலையைக் குனிந்துகொண்டு வேலையைப் பார்ப்பார். இது பல இடங்களில் நடக்கிறது, வருத்தமான விஷயம்.

விலையை வேலைக்காரரிடம் கேட்பது அவரைச் சங்கடப்படுத்தும். அதற்கு முன்னறையில் ஆள் உண்டு. 8, 10, 12 அங்குல அளவு, லாரி வாடகை என்று அவர்கள் தெளிவாகவே சொல்வார்கள். ஆனால் அங்கே பேச்சு விற்பனையைத் தாண்டாது.

வீட்டுக்கு வாங்கப் போகிறவர்கள் அறையின் அளவோடு, கல் பதிக்கப்போகிற கொத்தனாரையும் கூட்டிப் போங்கள். கனம் கல்லுக்குக் கல் கொஞ்சம் மாறும், இடைவெளி விடாமல் ஒட்டிப் பதிக்க வேண்டும் என்பதால் அவருக்கும் பட்டறைக்காரருக்கும் பேச நிறைய இருக்கும். நீங்கள் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருங்கள்.