எழும்பூர் அருங்காட்சியகம்: செப்புத் திருமேனிகளைக் கடைசியில் பாருங்கள்

சென்னை எழும்பூர் பாந்தியன் சாலையிலுள்ள அரசு அருங்காட்சியகத்துக்கு வருவோரில் பலர் நுழைவுச்சீட்டு வாங்கியதும் செப்புத் திருமேனிக் கூடத்தை நோக்கி நடந்துவிடுகிறார்கள். குழந்தைகளோடு வருபவர்கள் திமிங்கல எலும்புக்கூடு எங்கே என்று விசாரிக்கிறார்கள். இரண்டிலும் தவறில்லை. ஆனால் தொல்லியல், மானிடவியல் பகுதிகளை முதலில் பார்த்து, திருமேனிகளைக் கடைசிக்கு வைத்துக்கொள்வதே நல்ல வரிசை என்பது என் கருத்து. அந்தப் பகுதிகளை அவசரமாகக் கடந்துவிட்டால் இந்த இடத்தின் உண்மையான செல்வத்தைப் பார்க்காமலே வீடு திரும்பியவர்களாகிவிடுவோம்.

1851இல் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் எட்வர்ட் பால்ஃபரின் பொறுப்பில் தொடங்கப்பட்டு, 1854இல் எழும்பூருக்கு இடம் மாறிய நிறுவனம் இது. பால்ஃபர் இங்கே விலங்குகளையும் வளர்த்தார். நகரின் விலங்குக் காட்சிச்சாலைக்கு அதுவே தொடக்கம். பழைய சென்னைவாசிகள் விலங்குக் காட்சிச்சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் அருங்காட்சியகத்தை 'செத்த காலேஜ்' என்றும் சொன்னது இன்றும் சில பெரியவர்களின் பேச்சில் கேட்கும். ஒரு விஷயத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது: சென்னை நகரின் வரலாற்றை மட்டும் எதிர்பார்த்து வருபவர் இங்கே திகைத்துப்போவார். கஞ்சம் முதல் திருநெல்வேலி வரை பரந்து கிடந்த பழைய சென்னை மாகாணம் முழுவதிலுமிருந்தும் வந்து சேர்ந்த பொருள்கள் இவை.

கற்கருவிகளிலிருந்து தொடங்கலாம். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கைக்கோடரியை அடையாளம் கண்டு, இந்தியாவில் பழைய கற்காலம் இருந்ததை நிறுவியவர் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட். பல ஆண்டுகள் அலைந்து அவர் திரட்டிய தொகுப்பு பின்னர் இந்த அருங்காட்சியகத்துக்கு வந்தது. வெறும் கூழாங்கல்லுக்கும் கைக்கோடரிக்கும் என்ன வேறுபாடு என்று கேட்பவர்கள், விளிம்பை ஒட்டி இருபுறமும் சில்லு சில்லாகப் பெயர்த்தெடுக்கப்பட்டிருக்கும் தழும்புகளைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தால் போதும். தாமிரபரணிக் கரையிலுள்ள பழைய ஈமக்காடான ஆதிச்சநல்லூரின் பொருள்களும் நிதானமாகப் பார்க்க வேண்டியவை. 1876இல் அங்கே தோண்டிய ஜெர்மானியர் யாகோர் கிடைத்தவற்றை பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 முதல் 1905 வரை தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தவை சென்னைக்கு வந்தன. தாழிகளும் இரும்புக் கருவிகளும் பொன் நெற்றிப்பட்டங்களும் அவற்றுள் உண்டு என்றாலும், எருமை, ஆடு, சேவல் ஆகிய உருவங்கள் அமர்ந்த வெண்கலக் கலங்களே அந்த மக்களை நமக்கு மிக அருகில் கொண்டுவருகின்றன.

ஆந்திரத்தின் அமராவதியிலிருந்த பௌத்தத் தூபியின் சிற்பங்களுக்கும் இதே போன்ற கதைதான். 1845இல் ஆங்கிலேய அதிகாரி வால்டர் எலியட் தோண்டிச் சென்னைக்குக் கொண்டுவந்தவற்றில் பெரும்பகுதி 1859இல் லண்டனுக்குக் கப்பலேறியது. இங்கே இருப்பவற்றில் பலவும் பிற்கால அகழாய்வுகளில் கிடைத்தவை. அவற்றையும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிமெண்டு பூசிச் சுவரில் பதித்துவிட்டார்கள். அதனால் கல் உப்பேறிச் சிதைந்தது. அத்தனைக்கும் தப்பி நிற்கும் புத்தர் அடக்கிய நளகிரி என்ற யானையின் கதையைக் காட்டும் வட்டச் சிற்பத்துக்காக மட்டுமே ஒருமுறை வரலாம். மதம் பிடித்த யானை தெருவில் ஓடி ஒருவனைத் துதிக்கையால் பற்றி இழுக்கிறது, பெண்கள் அஞ்சி ஒதுங்குகிறார்கள், மேல்மாடச் சாளரங்களிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்க்கிறார்கள். அதே வட்டத்தின் மறுபக்கத்தில் அந்த யானையே புத்தரின் முன் மண்டியிடுகிறது. நெரிசலான ஒரு தெருவின் கூச்சலை இவ்வளவு சிறிய கல்லில் அடக்கிய அந்தச் சிற்பியின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லையே என்ற ஆதங்கம் எனக்கு எப்போதும் உண்டு.

மானிடவியல் பகுதியைச் சற்று எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும். 1885 முதல் இருபதாண்டுகளுக்கு மேல் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மக்களின் மூக்கையும் தலையையும் அளந்து சாதிகளையும் பழங்குடிகளையும் வகைப்படுத்தியவர். அவர் காலத்தில் சேர்ந்த பொருள்கள் அந்தப் பார்வையின் சான்றுகளும் ஆகும். ஒடிசா மலைப்பகுதியின் கோந்த் பழங்குடியினர் 'மெரியா' என்ற நரபலிக்குப் பயன்படுத்திய கம்பம் யானைத் தலையும் துதிக்கையுமாகச் செதுக்கப்பட்டது. அதைக் கண்டு நடுங்குவது எளிது. ஒரு மக்கள் கூட்டத்தின் முழு வாழ்க்கையையும் அந்த ஒரு கம்பத்தால் அளந்துவிடக் கூடாது. தஞ்சை ஆயுதசாலையிலிருந்து வந்த வளரிகளில் (எறிவதற்கான வளைந்த தடிகளில்) தந்தத்தால் ஆனவையும் உண்டு. அவை எறிவதற்கானவையா, பெருமைக்கு வைத்திருந்தவையா என்பதை நண்பர்களோடு விவாதிக்கலாம்.

இதற்குப் பின் திருமேனிகள். திருவாலங்காட்டு நடராசரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. திருவெண்காட்டு அர்த்தநாரியின் முன் மட்டும் கூடுதலாக நில்லுங்கள்: வலப்பாதியில் இரண்டு கைகள், இடப்பாதியில் ஒன்றே. இல்லாத நந்தியின் மேல் ஊன்றியபடி வலக்கை மடங்கியிருக்க, இடுப்பின் வளைவு ஆணிலிருந்து பெண்ணுக்கு எந்த இடத்தில் மாறுகிறது என்று கண்ணால் தொடர முடியாத நேர்த்தி அதில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை விடுமுறை. பராமரிப்புக்காகச் சில கூடங்கள் மூடப்படுவதுண்டு என்பதால் சீட்டு வாங்கும்போதே எவை திறந்திருக்கின்றன என்று கேட்டுவிடுங்கள். கட்டடங்கள் தனித்தனியாக இருப்பதால் வெயிலில் நடக்க வேண்டியிருக்கும். முதியவர்களை அழைத்துவருவோர் காலையிலேயே வந்துவிடுவது நல்லது. இரண்டு மணி நேரம் மட்டுமே கையில் இருந்தால், இயற்கை வரலாற்றுப் பகுதியைத் தயங்காமல் விட்டுவிடலாம்.