1949 ஃபோர்டு 8என் டிராக்டர்: 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாற்றி ஏழு வருடம்

மிச்சிகனில் 2016-இல் நாங்கள் வாங்கிய வீட்டோடு ஐந்து ஏக்கர் நிலமும், கொட்டகையில் ஒரு பழைய டிராக்டரும் வந்தன. மேலே சாம்பல், எஞ்சினும் அடிப்பகுதியும் சிவப்பு. 1949-ஆம் வருட ஃபோர்டு 8என். 1947 முதல் 1952 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான மாடல் என்பதால் இங்கே இன்னமும் கிராமப்புறக் கொட்டகைகளில் நிற்கிறது, உதிரிபாகமும் தட்டுப்பாடில்லை. நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், கொள்ளளவு 119.7 கன அங்குலம், அதாவது இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மின்சாரம் 6 வோல்ட், அதுவும் பாசிட்டிவ் எர்த்: பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும்.

இதை 2018 வசந்தத்தில் 12 வோல்ட்டுக்கு, நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றினேன். ஏழு வருடமாக அப்படியே ஓடுகிறது. மாற்றியதில் வருத்தம் இல்லை. ஆனால் எந்தக் காரணத்துக்காக மாற்றினேனோ அந்தக் காரணம் தவறு. அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று குளிர்காலம் ஆனது.

காரணம் எல்லோருக்கும் இருப்பதுதான். பின்னால் பிளேடு மாட்டி வாசல் பாதையின் பனியைத் தள்ள வேண்டும். பனி கொட்டிய காலையில் வெப்பநிலை மைனஸ் 12, மைனஸ் 15 என்று இருக்கும். பொத்தானை அழுத்தினால் செல்ஃப் மோட்டார் "ஊம்... ஊம்..." என்று இரண்டு சுற்று சுற்றி நின்றுவிடும். புது 6 வோல்ட் பேட்டரி போட்டேன், ஒரு மாதம் நன்றாக இருந்து மறுபடி அதே கதை. விசாரித்தவர்கள் எல்லோரும் சொன்ன ஒரே வைத்தியம், 12 வோல்ட்டுக்கு மாற்று.

சரி, மாற்றினேன். பேட்டரியை சார்ஜ் செய்யும் பழைய டைனமோவையும் ரெகுலேட்டரையும் கழற்றிவிட்டு, அந்த வேலைக்கு டெல்கோ 10எஸ்ஐ வகை ஆல்டர்னேட்டர், அதற்கான பிராக்கெட், அகலமான பழைய பெல்ட்டுக்குப் பொருந்தும் புல்லி, 12 வோல்ட் பேட்டரி, 12 வோல்ட் காயில் (ஸ்பார்க் பிளக்கில் பொறி வர வோல்ட்டேஜைக் கூட்டும் பாகம்), பல்புகள். எல்லாம் சேர்த்து 300 டாலரை ஒட்டி வந்தது. இரண்டு சனிக்கிழமை வேலை. செல்ஃப் மோட்டாரை மாற்றத் தேவையில்லை. அதற்குள் காந்தம் கிடையாது, ஃபீல்டு சுருள்தான், அதனால் பாசிட்டிவ் நெகட்டிவ் இடம் மாறினாலும் அது சுற்றும் திசை மாறாது. அம்மீட்டர் மட்டும் தலைகீழாகக் காட்டும். என் வண்டியில் இருப்பது பின்னால் உள்ள வளையத்துக்குள் ஒயர் நுழைந்து போகும் வகை. ஒயரை எதிர்ப்பக்கமிருந்து நுழைத்ததும் சரியாகிவிட்டது.

பெல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லையென்றால் பெல்ட் ஓரம் தேய்ந்து கறுப்புத் தூள் கொட்டும். பிராக்கெட்டுக்கு அடியில் இரண்டு வாஷர் கொடுத்த பிறகுதான் எனக்கு நேரானது. நீளமான நேர்க்கம்பியை வைத்துப் பார்த்துவிட்டு நட்டை இறுக்குங்கள்.

முதல் தடுமாற்றம் சோலனாய்டில், அதாவது செல்ஃப் மோட்டாரைப் பேட்டரியோடு இணைக்கும் காந்த ஸ்விட்சில். பழைய 6 வோல்ட் சோலனாய்டு 12-இலும் இழுக்கும், ஆனால் அதன் சுருள் சூடாகும் என்பதால் புதியது வாங்கப் போனேன். கடையில் அதே உருவத்தில் ஒரு கார் சோலனாய்டு கொடுத்தார்கள். மாட்டிப் பொத்தானை அழுத்தினால் 'டிக்' சத்தம்கூட இல்லை. விஷயம் இதுதான்: 8என்-இல் ஸ்டார்ட் பொத்தான் சோலனாய்டுக்குக் கரண்ட் தருவதில்லை, எர்த் தருகிறது. சோலனாய்டுக்குள் இருக்கும் சுருளுக்குப் பேட்டரிப் பக்கத்திலிருந்து உள்ளேயே கரண்ட் வந்துவிடும். கியர் நியூட்ரலில் இருக்கும்போது பொத்தானை அழுத்தினால் மறுமுனை எர்த்தாகிச் சுற்று முழுமையாகும். கார் சோலனாய்டில் சுருளின் ஒரு முனை ஏற்கெனவே பாடியில் எர்த் ஆகியிருக்கும். எர்த்தான இடத்துக்கு இன்னொரு எர்த் கொடுத்து என்ன பயன்? வெளியே பார்த்தால் இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்கும். என் டிராக்டர் எண்ணைச் சொல்லிக் கேட்டு வாங்கியது வேலை செய்தது.

இரண்டாவது, சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. முதல் நாள் பயந்துவிட்டேன், கடைசியில் சோக்கை இழுத்து மூச்சடைக்க வைத்துத்தான் நிறுத்தினேன். 10எஸ்ஐ ஆல்டர்னேட்டரில் ஒன்று, இரண்டு என்று இரண்டு சிறு முனைகள் உண்டு. இரண்டாவது வோல்ட்டேஜைப் பார்க்கும் முனை. முதலாவது, ஆல்டர்னேட்டரை எழுப்பிவிடும் முனை. அதைச் சாவியிலிருந்து எடுக்கிறோம். எஞ்சின் ஓடும்போது அதே ஒயர் வழியாகக் கரண்ட் பின்னோக்கி வந்து காயிலுக்குப் போய்விடுகிறது, சாவி அணைந்திருந்தாலும். பாகங்களோடு வந்த ஒயரிங் படத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த ஒயரில் ஒரு டையோடு வைத்தேன், சாவியை நோக்கிக் கரண்ட் வராதபடி. அதோடு தீர்ந்தது.

இந்த இரண்டும் ஓரிரு நாள் தலைவலி. மூன்றாவதுதான் செலவு வைத்தது.

1949 மாடலில் டிஸ்ட்ரிபியூட்டர், அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறைப்படி பொறியைப் பிரித்துக் கொடுக்கும் பாகம், எஞ்சினின் முன்முகத்தில், ஃபேனுக்குப் பின்னால் இருக்கும். 1950-இல்தான் அதைப் பக்கவாட்டுக்கு மாற்றினார்கள். முன்பக்க வகையில் காயில் ஒரு சதுர டப்பா, நேராக டிஸ்ட்ரிபியூட்டரின் தலைமேல் உட்கார்ந்திருக்கும். 2019 கோடையில் காய்ந்த கிளைகளை இழுத்துக்கொண்டிருந்தபோது எஞ்சின் அணைந்துவிட்டது. ஃபோன் வந்தது, உள்ளே போனேன், சாவியை அணைக்கவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து வந்தால் தார் உருகிய நாற்றம். எஞ்சின் நிற்கும்போது பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் காயிலின் கரண்டை விட்டு விட்டு நிறுத்தும் தொடுமுனை) மூடிய நிலையில் நின்றிருந்தால் காயில் வழியாகக் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் தார் உருகி டிஸ்ட்ரிபியூட்டருக்குள் வடிந்திருந்தது. 6 வோல்ட்டிலும் இப்படி நடப்பதுண்டு. ஆனால் 12-இல் தடையின் கணக்கு கொஞ்சம் பிசகினாலும் சீக்கிரம் நடக்கும்.

அந்தக் கணக்கை நான் முதலிலேயே போட்டிருக்க வேண்டும். ஆல்டர்னேட்டர் ஓடும்போது சுற்றில் சுமார் 14 வோல்ட் இருக்கும். பாயிண்ட் வழியாக 4 ஆம்பியருக்கு மேல் போனால் பாயிண்ட்டும் கருகும், காயிலும் சூடாகும். 14-ஐ 4-ஆல் வகுத்தால் 3.5. ஆக காயிலும், கரண்டைக் குறைக்க அதோடு தொடராக வைக்கும் பல்லாஸ்ட் ரெசிஸ்டரும் சேர்ந்து 3.5 ஓம் பக்கத்தில் வர வேண்டும். புது காயில் வாங்கியதும் மாட்டுவதற்கு முன்னால் மீட்டரை வைத்து அளந்தேன், குறைந்த அளவுக்கு ரெசிஸ்டர் சேர்த்தேன். அட்டையில் '12 வோல்ட்' என்று அச்சடித்திருப்பதை மட்டும் நம்பாதீர்கள், அளந்து பாருங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டரைச் சுத்தம் செய்வது நினைத்ததைவிடச் சுலபம். காயிலை எடுத்துவிட்டு இரண்டு போல்ட்டைக் கழற்றினால் மொத்தமும் கையோடு வந்துவிடும், மேஜையில் வைத்துப் பாயிண்ட் இடைவெளியை 0.015 அங்குலத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அன்றே டேஷ்போர்டில் ஒரு சிறிய சிவப்பு பல்பையும் வைத்தேன், ஆல்டர்னேட்டரை எழுப்பும் அதே ஒயரில், டையோடுக்கு முன்னால். சாவி போட்டிருந்து எஞ்சின் ஓடவில்லை என்றால் அது எரியும். ஆறு வருடத்தில் பல முறை அந்தச் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்துத் திரும்பி வந்து சாவியை அணைத்திருக்கிறேன். இந்த மாற்றத்தில் நான் செய்த மிக உருப்படியான வேலை அந்த பல்புதான்.

இப்போது குளிர்காலத்துக்கு வருகிறேன். மாற்றிய பிறகு முதல் இரண்டு குளிர்காலம் அற்புதமாக இருந்தது. பொத்தானைத் தொட்டதும் எஞ்சின் சுழன்று பிடித்துக்கொள்ளும். பார்த்தவர்களிடமெல்லாம் 12 வோல்ட்டின் பெருமையைச் சொன்னேன். மூன்றாவது குளிர்காலத்தில், 2021 ஜனவரியில், பழைய "ஊம்... ஊம்..." திரும்பி வந்தது. பேட்டரியைச் சோதித்தேன், நன்றாக இருந்தது.

எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பெரியவர் இருக்கிறார். அவரிடமும் ஒரு 8என் உண்டு, 1951 மாடல். இன்றுவரை 6 வோல்ட், பாசிட்டிவ் எர்த், டைனமோ எல்லாம் அப்படியே. அதே மைனஸ் 15-இல் அவருடைய வண்டி இரண்டே சுற்றில் பிடிப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருந்தும், ஏன் என்று ஒரு முறைகூடக் கேட்டதில்லை. அவர் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலேயே, கிளாம்ப்பில் அல்ல, கம்பத்தில் வைத்தார். மறுமுனையைச் செல்ஃப் மோட்டாரின் உடம்பில் வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தச் சொன்னார். இரண்டும் எர்த், மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். 1.8 வோல்ட் காட்டியது.

எர்த் பட்டை பாடியில் இறுகும் இடத்தைக் கழற்றினோம். அடியில் பெயிண்ட், அதன் மேல் துரு, அதன் மேல் எண்ணெய்ப் பிசுக்கு. உப்புத்தாள் போட்டு வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்தோம். செல்ஃப் மோட்டார் எஞ்சினோடு உட்காரும் முகத்தையும் தேய்த்தோம். பேட்டரி ஒயரைப் பார்த்துவிட்டு இது கார் ஒயர் என்றார் பெரியவர். முந்தைய சொந்தக்காரர் எப்போதோ மாற்றியிருக்க வேண்டும், மெல்லிய 4 கேஜ். 6 வோல்ட் வண்டிக்கு 1/0 கேஜ், கிட்டத்தட்ட விரல் தடிமனில் வேண்டும். அதையும் மாற்றிவிட்டு மறுபடி அளந்தபோது 0.2 வோல்ட். செல்ஃப் சுற்றிய வேகத்தில் நான் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். குளிரில் எஞ்சினைத் திருப்ப 200 ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் வெறும் 0.005 ஓம் தடை இருந்தால் போதும், 1 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். எஞ்சினைத் திருப்பத் தேவையான முறுக்குவிசை ஒன்றே என்பதால் 12 வோல்ட்டிலும் ஆம்பியர் ஏறக்குறைய அதேதான், தொலைவதும் அதே 1 வோல்ட்தான். ஆனால் 6-இல் 1 போனால் ஆறில் ஒரு பங்கு போகிறது. 12-இல் பன்னிரண்டில் ஒரு பங்கு. நான் 12 வோல்ட்டுக்கு மாறியபோது பழுது சரியாகவில்லை, அதைத் தாங்கும் தெம்புதான் கூடியது. துரு தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது, மூன்று வருடத்தில் அந்தத் தெம்பையும் தின்றுவிட்டது. 2018-இல் 50 டாலருக்குத் தடித்த ஒயரும் ஒரு உப்புத்தாளும் வாங்கியிருந்தால் என் 6 வோல்ட் வண்டியும் பெரியவர் வண்டி மாதிரியே கிளம்பியிருக்கும்.

அப்படியானால் 12 வோல்ட் எதற்கு? எனக்கு வேறு காரணங்கள் அப்புறம்தான் கிடைத்தன, அவை உண்மையான காரணங்கள். மருந்து தெளிக்கும் தொட்டியின் பம்ப் 12 வோல்ட். டிராக்டரிலிருந்தே நேராக ஓட்டுகிறேன். எல்இடி விளக்கு இரண்டு மாட்டியிருப்பதால் அதிகாலை இருட்டில் பனி தள்ளமுடிகிறது. 12 வோல்ட் பேட்டரி எந்தக் கடையிலும் கிடைக்கும். பேட்டரி இறங்கினால் பிக்கப் டிரக்கிலிருந்து ஒயர் போட்டுக் கிளப்பலாம். முன்பு இதற்கே பயப்பட வேண்டும்: டிரக் நெகட்டிவ் எர்த், டிராக்டர் பாசிட்டிவ் எர்த். இரண்டின் பாடியும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருந்தாலோ, இடையில் இழுக்கும் சங்கிலி கிடந்தாலோ, ஒயரை மாட்டியதும் நேர் ஷார்ட்.

செல்ஃப் மோட்டாரைப் பொறுத்தவரை ஏழு வருடத்தில் ஒரு முறை பென்டிக்ஸ் ஸ்பிரிங் உடைந்தது (மோட்டாரின் பல்சக்கரத்தை ஃப்ளைவீலோடு கோக்கும் அமைப்புதான் பென்டிக்ஸ்). 6 வோல்ட்டுக்குச் செய்த மோட்டார் 12-இல் வேகமாகப் பாய்ந்து ஃப்ளைவீல் பல்லில் மோதுகிறது, அதன் விலை இது. ஐந்து விநாடிக்கு மேல் தொடர்ந்து அழுத்துவதில்லை, எஞ்சின் அசைந்துகொண்டிருக்கும்போது மறுபடி அழுத்துவதே இல்லை. ஃப்ளைவீல் பற்களை அப்போது டார்ச் அடித்துப் பார்த்தேன், தேய்மானம் பெரிதாக இல்லை. ஆல்டர்னேட்டரில் ஒரு குறையும் வரவில்லை, 14.2 வோல்ட் காட்டுகிறது. டைனமோ மெதுவான ஓட்டத்தில் சார்ஜே செய்யாது, இது செய்கிறது.

யாராவது கேட்டால், பேட்டரியின் இரண்டு முனையிலிருந்தும் செல்ஃப் மோட்டார்வரை எங்கே எத்தனை வோல்ட் தொலைகிறது என்று முதலில் அளக்கச் சொல்கிறேன். கால் வோல்ட்டுக்கு மேல் தொலைந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். செய்த பிறகு வண்டி நன்றாகக் கிளம்பி, விளக்கும் பம்ப்பும் தேவையில்லை என்றால் 6 வோல்ட்டிலேயே விட்டுவிடுங்கள். அதை வடிவமைத்தவர்கள் மிச்சிகன் குளிரை அறியாதவர்கள் அல்ல. மாற்றுவதென்றே முடிவானாலும் கழற்றும் ஒவ்வொரு எர்த் இடத்தையும் தேய்த்துவிட்டு மாட்டுங்கள்.

கழற்றிய டைனமோ, ரெகுலேட்டர், 6 வோல்ட் பல்புகள், பழைய சோலனாய்டு எல்லாவற்றையும் எண்ணெய் துடைத்து ஒரு மரப்பெட்டியில் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் எந்த ஒயர் எந்த முனைக்குப் போகும் என்று சீட்டு எழுதிக் கட்டியிருக்கிறேன். எனக்குப் பிறகு இந்த வண்டி யாரிடம் போனாலும், பழையபடி ஆக்க ஆசைப்பட்டால் அவர்களுக்கு அது வேண்டும். சென்ற நவம்பரில் பிளேடு மாட்டும்போது எர்த்தை மறுபடி அளந்தேன். 0.2.