கையா, ஊசியா, ஸ்கேனா, ரத்தப் பரிசோதனையா? நாயின் புற்றுநோயை எது முதலில் பிடிக்கும்

எங்கள் ஜூலி 9 வயதில் போய்விட்டாள். வெள்ளை ஸ்பிட்ஸ், நம் ஊரில் பொமரேனியன் என்றே சொல்வோமே, அந்த வகை. கருத்தடை செய்யவில்லை. பின்னங்கால்களுக்கு நடுவே கடைசி மடியில் பட்டாணி அளவு கட்டி இருந்ததை முதலில் கவனித்தவர் அம்மா. "கொழுப்புக் கட்டியாகத்தான் இருக்கும், பெரிதானால் பார்க்கலாம்" என்று ஓரிடத்தில் சொன்னார்கள். நிம்மதியாக வீடு திரும்பினோம். ஏழு மாதத்தில் அது எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்துவிட்டது. ஆபரேஷனுக்கு முன் எடுத்த எக்ஸ்ரேயில் நுரையீரல் எங்கும் வெள்ளைப் புள்ளிகள். புற்றுநோய் அங்கே பரவியிருந்தது.

இப்போது வீட்டில் மணி இருக்கிறான். நாட்டு நாய், ஆறு வயது. அவன் விஷயத்தில் அப்படி ஏமாறக்கூடாது என்றுதான் இருக்கிற வழிகளை எல்லாம் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தேன்.

ரத்தப் பரிசோதனையும் கையும்

இந்தத் தேடலில் முதலில் கண்ணில் படுவது ரத்தப் பரிசோதனைதான். ஒரு சொட்டு ரத்தத்தில் எல்லாம் தெரிந்துவிடும் என்ற ஆசை யாருக்குத்தான் இல்லை? கட்டியில் இருந்து சிதையும் செல்கள் தம் டிஎன்ஏ துணுக்குகளை ரத்தத்தில் விடுகின்றன. அவற்றைத் தேடுவதுதான் இதன் அடிப்படை. அமெரிக்காவின் பெட்டிஎக்ஸ் நிறுவனம் 2021-இல் கொண்டுவந்த ஆன்கோகே9 பெரிதாகப் பேசப்பட்டது. 1,000-க்கும் மேற்பட்ட நாய்களை வைத்துச் செய்த அதன் ஆய்வு 2022-இல் வெளியானது. புற்றுநோய் இருந்த நாய்களில் 54.7 சதவீதத்தை அது கண்டுபிடித்தது. நோய் இல்லாதவற்றில் 98.5 சதவீதத்துக்கு 'இல்லை' என்று சரியாகச் சொன்னது. லிம்ஃபோமா (நெறிகளில் வருவது), ஹெமாஞ்சியோசார்கோமா (ரத்தக்குழாய்ச் செல்களில் வருவது), ஆஸ்டியோசார்கோமா (எலும்பில் வருவது) ஆகிய மூன்று முரட்டு வகைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் கண்டுபிடித்தது 85.4 சதவீதம்.

98.5 என்றதும் நம்பிக்கை வந்துவிடும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எந்த அறிகுறியும் இல்லாத 1,000 நாய்களில் 20 நாய்களுக்கு நோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த 20-இல் 11 மாட்டும். நோயில்லாத 980-இல் சுமார் 15 நாய்களும் சேர்ந்து மாட்டும். ஆக, 'இருக்கிறது' என்று வந்த 26 முடிவுகளில் 15 தவறு. அந்த 15 வீடுகளில் இல்லாத கட்டியைத் தேடி ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுப்பார்கள். மாட்டாமல் விடுபட்ட 9 நாய்களின் வீடுகளில் நோயை வைத்துக்கொண்டே நிம்மதியாக இருப்பார்கள். ஜூலி விஷயத்தில் எங்களைக் கவிழ்த்தது இந்த நிம்மதிதான். அதனால் எனக்கு அந்த 9 வீடுகள்தான் பெரிதாகத் தெரிகின்றன. இன்னொன்று, அந்த ஆய்வில் புற்றுநோயோடு இருந்தவை ஏற்கெனவே நோய் உறுதியான நாய்கள். அறிகுறியே வராத கட்டத்தில் ரத்தத்தில் கலக்கும் துணுக்குகள் இன்னும் குறைவு.

ரத்தத்தில் நியூக்ளியோசோம் (டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரத உருண்டை) அளவைப் பார்க்கும் நியூ.க்யூ பரிசோதனை இதைவிட எளியது. மொத்தத்தில் பாதியளவு புற்றுநோய்களைக் கண்டுபிடிக்கிறது, லிம்ஃபோமாவில் அதைவிட நன்றாக. ஆனால் நாய் வெறும் வயிற்றில் இருக்க வேண்டும். உடம்பில் கடுமையான தொற்றோ அழற்சியோ இருந்தாலும் அளவு ஏறும். உண்ணிக் காய்ச்சல் இவ்வளவு சாதாரணமாக வரும் நம் ஊரில் அது சின்ன விஷயம் இல்லை.

இதற்கு எதிரே கையால் தடவிப் பார்ப்பதை வைத்துப் பாருங்கள். செலவில்லை, மயக்க மருந்து இல்லை. மாதம் ஒருநாள் உண்ணி எடுக்க உட்காரும்போதே செய்துவிடலாம். பெண் நாய்க்குப் பொதுவாக ஐந்து ஜோடி மடி. கட்டி அதிகம் வருவது கடைசி இரண்டு ஜோடிகளில். மார்பில் இருந்து தொடை இடுக்கு வரை இரண்டு விரலால் உருட்டிப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். அப்புறம் தாடைக்குக் கீழே, தோளுக்கு முன்னால், பின்னங்கால் முட்டிக்குப் பின்னால். இந்த மூன்று இடங்களில் நெறி கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வலியே இல்லாமல், கெட்டியாக, இரண்டு பக்கமும் நெறி பெருத்திருந்தால் லிம்ஃபோமாவாக இருக்கலாம். உண்ணிக் காய்ச்சலிலும் நெறி கட்டும் என்பதால் கையால் மட்டும் முடிவு செய்ய முடியாது. வாயைத் திறந்து ஈறையும் நாக்குக்கு அடியையும் பார்த்துவிடுங்கள். ஆண் நாய்க்கு விதைகளையும்.

தோல், மடி, வாய், நெறி ஆகியவற்றில் வருவதைப் பொறுத்தவரை, வருடத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனையைவிட மாதம் ஒருமுறை தடவிப் பார்ப்பதுதான் மேல் என்பேன். உள்ளுறுப்பில் வருவதைக் கை காணாது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஊசியும் கத்தியும்

கட்டி தட்டுப்பட்டது. அது என்ன என்று கண்ணுக்கோ விரலுக்கோ தெரியாது. எவ்வளவு அனுபவமுள்ள டாக்டராக இருந்தாலும் தடவிப் பார்த்து 'கொழுப்புக் கட்டி' என்று சொன்னால் அது ஊகம்தான். நாய்த் தோலில் அதிகம் வரும் கெட்ட கட்டிகளில் ஒன்று மாஸ்ட் செல் கட்டி (ஒவ்வாமையில் பங்குபெறும் ஒருவகைச் செல்லில் வருவது). பக், லாப்ரடார், பாக்ஸர் இனங்களில் நிறைய. அது சில நேரம் கொழுப்புக் கட்டி போலவே மெத்தென்று இருக்கும், சில நேரம் கொசுக்கடி போல. இன்று பெருத்து நாளை சுருங்கவும் செய்யும். வீட்டில் 'குறைந்துவிட்டது' என்று விட்டுவிடுவோம்.

இங்கேதான் எஃப்என்ஏசி. சாதாரண ஊசி போடும் அளவுள்ள ஊசியைக் கட்டிக்குள் செலுத்திக் கொஞ்சம் செல்களை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். பெரும்பாலும் மயக்க மருந்து வேண்டாம். 1 செ.மீ. அளவு இருந்து ஒரு மாதம் ஆகியும் போகாத எந்தக் கட்டிக்கும் ஊசி வைத்துப் பார்த்துவிட வேண்டும் என்று அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் சூ எட்டிங்கர் பல வருடங்களாகச் சொல்லிவருகிறார். போன மாதம் மணியின் விலா மேல் ஓர் உருண்டை தட்டுப்பட்டது. ஒரு மாதம்கூடக் காத்திருக்க மனம் வரவில்லை. ஊசியில் வந்தது கொழுப்பு மட்டும். ஜூலிக்குச் சொன்ன அதே பெயர்தான், ஆனால் இந்த முறை பார்த்துச் சொன்னது.

நெறி கட்டியிருந்தால் லிம்ஃபோமாவா உண்ணிக் காய்ச்சலா என்று பிரித்துச் சொல்வதிலும் ஊசிக்குத்தான் முதலிடம். இரண்டு விஷயங்களை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் முட்டிக்குப் பின்னால் உள்ள நெறியில் எடுக்கச் சொல்லுங்கள். தாடைக்குக் கீழே உள்ளது பல் அழுக்காக இருந்தாலே வீங்கிக் குழப்பும். அதைவிட முக்கியம், ஊசி எடுப்பதற்கு முன் பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு கொடுக்கக்கூடாது. வீக்கம் வற்றிவிடும், முடிவு குழம்பிவிடும், அப்புறம் கொடுக்கும் கீமோவும் சரியாகக் கேட்காமல் போகலாம்.

ஆனால் மடிக்கட்டியில் ஊசி தோற்றுவிடுகிறது. அங்கே நல்ல கட்டியையும் கெட்டதையும் ஊசியில் வந்த செல்களை வைத்து உறுதியாகப் பிரிக்க முடிவதில்லை. ஒரே கட்டிக்குள் இரண்டு விதமும் கலந்து கிடக்கும். நாய்களின் மடிக்கட்டிகளில் ஏறக்குறைய பாதி கெட்டவை. எனவே எக்ஸ்ரேயில் நுரையீரலைப் பார்த்துவிட்டு, சிறியதாக இருக்கும்போதே கட்டியை முழுதாக எடுத்து பயாப்சிக்கு அனுப்புவதுதான் சரி. 3 செ.மீ.க்குள் எடுத்த கட்டிக்கும் அதைத் தாண்டியதற்கும் பிழைப்பதில் பெரிய வித்தியாசம் உண்டு. எடுத்த கட்டியை ஃபார்மலினில் போட்டு லேபுக்கு அனுப்பினார்களா என்று கட்டாயம் கேளுங்கள். நிறையக் கட்டிகள் குப்பைக்கூடைக்குப் போய்விடுகின்றன. அதோடு என்ன நோய் என்ற விவரமும் போய்விடுகிறது.

கண்டுபிடிப்பதற்கும் முந்திய ஒரு வழியையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதல் பருவம் வருவதற்குள் கருத்தடை செய்த நாய்களில் மடிப் புற்றுநோய் ஆபத்து, செய்யாதவற்றோடு ஒப்பிட்டால் 0.5 சதவீதம், ஒரு பருவம் தாண்டினால் 8, இரண்டு தாண்டினால் 26. இது 1969-இல் வந்த ஆய்வு. அதன் ஆதாரம் போதாது என்று பின்னாளில் விமர்சனம் வந்திருக்கிறது. எண்களை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் ஜூலிக்குச் செய்திருக்கலாம் என்று நான் நினைக்காத நாள் இல்லை.

ஸ்கேன்

உள்ளுறுப்பு என்று வந்தால் கையும் ஊசியும் ஒதுங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஜெர்மன் ஷெப்பர்ட், லாப்ரடார், கோல்டன் போன்ற பெரிய நாய்களின் மண்ணீரலில் வரும் ஹெமாஞ்சியோசார்கோமா சத்தமில்லாமல் வளர்ந்து ஒருநாள் வெடிக்கும். காலையில் விளையாடிய நாய் மாலையில் ஈறு வெளுத்துச் சரிந்துவிடும். வயிற்று ஸ்கேன் அந்தக் கட்டியை வெடிக்கும் முன்பே காட்டலாம். சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய மருத்துவமனைகளில் இந்த வசதி உண்டு.

குறையையும் சொல்லிவிடுகிறேன். கட்டி இருக்கிறது என்று மட்டும்தான் ஸ்கேன் சொல்லும். சாதாரண ரத்தக்கட்டும் கெட்ட கட்டியும் திரையில் ஒன்று போலவே தெரியும். மண்ணீரலை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அது ஹெமாஞ்சியோசார்கோமா என்றால், ஆபரேஷனும் கீமோவும் செய்தபின்கூடப் பெரும்பாலும் சில மாதங்கள்தான். ஆனாலும் சாதாரணக் கட்டியும் வெடித்து உயிரைக் கொல்லும். அதை முன்னமே எடுத்துவிட்டால் நாய் முழு ஆயுளும் இருக்கும். மணிக்கு 8 வயதானதும் வருடம் ஒரு ஸ்கேன் என்று முடிவு செய்திருப்பது அதற்காகத்தான்.

பெரிய இன நாய் காரணம் தெரியாமல் நொண்டி, வலி மருந்துக்கும் இரண்டு வாரத்தில் சரியாகவில்லை என்றால், ஸ்கேனும் வேண்டாம் ரத்தமும் வேண்டாம், அந்தக் காலுக்கு நேராக எக்ஸ்ரே. எலும்புப் புற்றுநோய் அப்படித்தான் வரும்.

சரி, ரத்தப் பரிசோதனை யாருக்குத்தான்? கோல்டன், பாக்ஸர் போல அதிகம் புற்றுநோய் வரும் இனத்தை வளர்ப்பவர்கள், ஸ்கேனுக்கும் செலவு செய்ய முடிந்தவர்கள், 7 வயதுக்கு மேல் இதையும் சேர்த்துக்கொள்ளலாம். 'இல்லை' என்று வந்தாலும் தடவிப் பார்ப்பதை நிறுத்தாதவர்கள் என்றால் மட்டும். மணிக்கு நான் எடுக்கப்போவதில்லை.

பூனை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. பூனைக்கு நான்கு ஜோடி மடி. அங்கே வரும் கட்டிகளில் நூற்றுக்கு 85-க்கும் மேல் கெட்டவை. 2 செ.மீ.க்குள் எடுத்த பூனைகள் பாதிக்கு மேல் மூன்று வருடம் தாண்டுகின்றன, 3 செ.மீ. கடந்தவை பல ஆறு மாதம்தான். ஒரு மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்பதெல்லாம் அங்கே கிடையாது. அரிசி மணி அளவில் விரலில் பட்டாலும் அந்த வாரமே டாக்டரிடம் போய்விடுங்கள்.