பழைய மாடல் கிட்டாரும் ஒரு பஸ் டிக்கெட்டும்

“இன்னாடா, புதுசு வாங்கினியா, பழசு வாங்கினியா?” கிட்டார் பெட்டியைத் திறந்ததும் நைனா கேட்டது இதுதான். தப்பில்லை. கம்பியை முறுக்கும் கீ எல்லாம் மங்கிப்போய், டாப் என்கிற முகப்புப் பலகை பல வருஷம் வெயில் பார்த்த மாதிரி பழுத்த மஞ்சளில் இருந்தது. அத்தனையும் தொழிற்சாலையிலேயே பூசி அனுப்பிய பழசு. 48,000 ரூபாய் என்று சொன்னேன். அதோடு எழுந்து போய்விட்டார்.

1942-ல் கிப்சன் கம்பெனி ஜே-45 என்று ஒரு கிட்டார் கொண்டுவந்தது. சரிந்த தோள், ஸ்ப்ரூஸ் டாப், மகோகனி முதுகு, ஓரம் கருத்து நடுவில் மஞ்சளாகும் சன்பர்ஸ்ட் பெயின்ட். போர்க்காலம் என்பதால் அமெரிக்காவில் இருந்த அவர்களுடைய கலமசூ பட்டறையில் பெரும்பாலும் பெண்கள்தான் அதைச் செய்தார்கள். உலோகத் தட்டுப்பாட்டில் சில கிட்டார்களுக்குக் கழுத்து வளையாமல் காக்க உள்ளே வைக்கும் ட்ரஸ் ராட் கம்பிகூட வைக்கவில்லை. அசல் இப்போது கிடைத்தால் விலை பல லட்சம். அதனால் அதே அச்சில் ஆளாளுக்குப் புதிதாகச் செய்து விற்கிறார்கள். என்னுடையது அதில் ஒன்று, சீனாவில் செய்தது. குறை சொல்லப்போவதால் கம்பெனி பெயர், கடை பெயர் இரண்டும் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் கோயில் பாடகர் குழுவில் வாசிக்கிறேன். நைனா காசிமேட்டில் மரப்படகு செய்த தச்சர். அதனால் எனக்குச் சத்தத்தை விட மூட்டுதான் முதலில் கண்ணில் படும். கடையில் அரை மணி நேரம் வாசிக்காமலே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைப்பையன் கொட்டாவி விட்டான். துளையின் ஓரத்தில் டாப்பின் கனத்தைப் பார்த்தால் மேலே தெரியும் ரேகை அப்படியே கீழ்வரை இறங்க வேண்டும். இறங்கியது. ஒட்டுப்பலகை இல்லை, முழு மரம். செல்போன் டார்ச்சையும் சின்னக் கண்ணாடியையும் உள்ளே விட்டேன். டாப்பை உள்ளிருந்து தாங்கும் பிரேஸ் கட்டைகள் நன்றாகச் செதுக்கி மெலிந்திருந்தன, ஆனால் ஒரு கட்டையின் நுனி டாப்பில் முழுசாக உட்காரவில்லை. பசை வழிந்து அப்படியே காய்ந்திருந்தது. கழுத்து நேராக இருக்கிறதா என்று, குறுக்கே பதித்த ஃப்ரெட் பட்டைகள் மேல் ஸ்டீல் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். அதன் நுனி, டாப்பில் கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் கட்டையின் மேல்பக்கத்தை உரசி நின்றது. அதுதான் சரி. கீழே இறங்கினால் கழுத்தைக் கழற்றி மாட்ட வேண்டிய நாள் தூரத்தில் இல்லை.

சட்டைப்பையில் இருந்த மாநகர பஸ் டிக்கெட்டை பிரிட்ஜின் பின்னோரத்தில் செருகினேன். ஒரு மில்லிமீட்டர் உள்ளே போனது, அந்த அளவுக்கு அங்கே பசை பிடிக்கவில்லை. அங்கேயே பேரம் பேசியிருக்க வேண்டும். அதற்குள் வாசித்துத் தொலைத்துவிட்டேன், அடித்த முதல் ஜி கார்டு, அதாவது சுரக்கூட்டு, நெஞ்செலும்பில் வந்து முட்டியது. அப்புறம் எங்கே பேரம்.

வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தது வேறு. எஃப் கார்டு பிடித்தால் விரல் செத்துப்போகிறது, கழுத்தின் தலைமாட்டில் கம்பிகள் படியும் நட் என்ற துண்டின் பள்ளங்களை ஆழமாக வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். அட்டையில் ‘எலும்பு நட்’ என்று போட்டிருந்தது. உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து மோந்து பார்த்தேன். எலும்பு என்றால் பல் டாக்டர் பல்லைக் குடையும்போது வருமே, அந்த நாற்றம் வரும். இதில் வந்தது சுட்ட பிளாஸ்டிக் வாடை. 48,000 ரூபாய்க்கு சில நூறு ரூபாய்ச் சாமானில் கை வைத்திருக்கிறார்கள்! பழசு மாதிரி மங்கவைக்கச் செலவழித்ததில் பாதியை இதில் போட்டிருக்கலாம்.

கழுத்து மரத்துக்குள் மரம் கோக்கும் டவ்டெயில் மூட்டு, ஒட்டியது விலங்குப் பசை என்பது அவர்கள் பெருமையாகச் சொல்லும் விஷயம். நைனாவிடம் சொன்னேன். “வஜ்ஜிரம்தானே? தண்ணி பட்டா விட்டுக்கும், படகுல எவன் போடுவான்?” என்றார். ஆனால் கிட்டாருக்கு அந்தக் குணம்தான் வசதி. எப்போதாவது கழுத்தைக் கழற்ற வேண்டி வந்தால் ஆவி செலுத்தி இளக்கிவிடலாம்.

ஐப்பசி மழையில்தான் நிஜமான பரீட்சை. கிட்டார் செய்பவர்கள் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் வரை இருக்கச் சொல்கிறார்கள். கேஸில் வைத்த மீட்டர் எங்கள் வீட்டில் 80 காட்டியது. டாப் ஈரத்தைக் குடித்து, பிரிட்ஜுக்குப் பின்னால் வயிறு மாதிரி லேசாக உப்பியது. பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேல் 2.5 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்த தடித்த கம்பி 3-ஐத் தாண்டி ஏறியது. சாதாரணக் கம்பி மூன்றே வாரத்தில் துருப்பிடித்தது, கடல்காற்று. இதற்கெல்லாம் கிட்டாரைத் திட்டக்கூடாது. சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டேன், கோட்டிங் கம்பி மாற்றினேன். தை பிறந்ததும் வயிறு தானாக வற்றியது.

நட்டை மாற்றியது நைனாதான். உண்மையான எலும்புத் துண்டு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். ஜன்னல் கண்ணாடி மேல் உப்புத்தாளை விரித்து ஒரு மத்தியானம் முழுக்கத் தேய்த்தார். பள்ளம் வெட்டும்போது மட்டும் என்னைக் கிட்டே விடவில்லை. இப்போது எஃப் வெண்ணெய் மாதிரி விழுகிறது. பூசையில் மைக் இல்லாமலே கடைசி பெஞ்சுக்குக் கேட்கிறதாம், பீடத்துப் பையன் சொன்னான்.

பஸ் டிக்கெட்டைக் கேஸிலேயே வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை பிரிட்ஜுக்கு அடியில் செருகிப் பார்ப்பேன். போன வாரமும் அதே ஒரு மில்லிமீட்டர்தான்.