ஆக்லாந்து மீன்கடை: துண்டு விலை அதிகம், தலை மலிவு

துறைமுகத்தை ஒட்டிய இந்தக் கடையில் ஸ்னாப்பர் மீன் புதுசாகவே இருக்கும். செவுள் நல்ல சிவப்பு, அழுத்தினால் விரல் தடம் பதியாது. முள் நீக்கிய துண்டின் விலைதான் கையைக் கடிக்கும். கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. நியூசிலாந்தில் 1986 முதல் இந்த மீன் இவ்வளவுதான் பிடிக்கலாம் என்று ஒதுக்கீடு உண்டு. இந்த வடகிழக்குக் கரை ஸ்னாப்பருக்கு வணிகப் படகுகள் பிடிக்கும் வரம்பு நெடுங்காலமாக ஆண்டுக்கு 4,500 டன். அதில் தனக்கென்று பங்கு இல்லாத படகுக்காரர், பிடிக்கும் உரிமையை வருடாவருடம் காசு கொடுத்து வாங்க வேண்டும். அந்தச் செலவும் நம் தட்டில்தான் ஏறும்.

குழம்புக்குச் சின்ன மீன் கேட்டேன். 25 செ.மீ.க்குக் கீழே கிடையாதாம், சட்டம். சரி, தலையை வாங்குங்கள். மலிவு, கன்னச் சதை அருமை. செதிலை மட்டும் வீட்டில் இன்னொரு தடவை உரச வேண்டியிருக்கும். சனிக்கிழமை மதியத்துக்குமேல் போனால் தலையும் தீர்ந்திருக்கும்.