அப்பாவுக்காக ஒரு பால்கனி கேபின்: சென்னையிலிருந்து கப்பல் ஏறிய அனுபவம்

சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் கிளம்புகிறது என்பது வெளிநாட்டில் இருக்கும் நம்மில் பலருக்கு இன்னும் புதுச் செய்தியாகவே இருக்கிறது. 2022 ஜூன் 4 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். மறு ஆண்டு ஜூனில் கப்பல் இலங்கைக்கும் போகத் தொடங்கியது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று துறைமுகங்கள் அதில் இருந்தன. ஜூன் மாதத்துக்கு ஒரு காரணம் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அரபிக் கடல் கொந்தளிக்கும். அப்போது மேற்குக் கரையில் ஓட்டுவதைவிட இந்தப் பக்கம் வருவது கப்பலுக்கு நல்லது. பிள்ளைகளின் பள்ளி விடுமுறையில் ஊருக்கு வரும் நமக்கும் அதே மாதங்கள்தான் வாய்க்கின்றன. அட்டவணை ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது என்பதால் விமான டிக்கெட் எடுக்கும் முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

இந்த முறை அப்பா அம்மாவோடு போனோம். சித்தப்பா குடும்பமும் சேர்ந்துகொண்டது. அப்பாவுக்கு முழங்கால் வலி. நாலு எட்டு வைத்தால் உட்கார வேண்டும். மேல்தளத்துக்குப் போய் வேடிக்கை பார்ப்பது, வரிசையில் நின்று இடம் பிடிப்பது எல்லாம் அவரால் ஆகாது. அவரைப் பொறுத்தவரை கேபினை ஒட்டிய பால்கனிதான் கடல். அது சரியாக அமையாவிட்டால் அவருக்குப் பயணமே இல்லை. அதனால் இடம் பார்த்து எடுப்பதில் நான் விடாப்பிடியாக இருந்தேன்.

டிக்கெட்டுக்காகப் போன பயண ஏஜென்சியில் இருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் கேபின் எந்த டெக்கில், அதாவது எந்தத் தளத்தில், எந்த நம்பர் என்று கேட்டதும், "பால்கனின்னா எல்லாம் ஒண்ணுதான் சார். கடல் எங்கேயிருந்து பார்த்தாலும் கடல்தானே" என்றார். கூடவே, நம்பர் குறிப்பிடாமல் எடுத்தால் விலை குறையும் என்று ஒரு திட்டத்தைக் காட்டினார். அதாவது பால்கனி உறுதி, ஆனால் எந்தப் பால்கனி என்பதைக் கப்பல் நிறுவனமே கடைசி நேரத்தில் முடிவு செய்யும். இளைஞர்கள் நாலு பேர் சேர்ந்து போனால் தாராளமாக அப்படி எடுக்கலாம். வயதானவர்களோடு போகிறவர்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள். மிச்சமாகும் பணத்துக்கு ஈடாக நாம் விட்டுக்கொடுப்பது இடத்தைத்தான், பெரியவர்களுக்கு முக்கியமானதும் அந்த இடம்தான்.

"தம்பி, டெக் பிளான் எடுங்க, நம்பர் பார்த்துத்தான் பணம் கட்டுவேன்" என்றேன். கப்பலின் ஒவ்வொரு தளத்திலும் எது எங்கே என்று காட்டும் வரைபடம் அது. எடுத்தார். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் பொறுமையாகக் கூடவே உட்கார்ந்தார். அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

டெக் பிளானில் எல்லோரும் பார்ப்பது தங்கள் கேபின் இருக்கும் தளத்தை. பார்க்க வேண்டியது அதற்கு மேல்தளத்தையும் கீழ்த்தளத்தையும். நீச்சல் குளம் இருக்கும் தளத்துக்கு நேர் கீழே கேபின் எடுத்தால் விடியும் முன்பே சாய்வு நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் தலைக்கு மேல் கேட்கும். சாப்பாட்டுக் கூடமோ சமையலறையோ மேலே இருந்தால் தள்ளுவண்டிகளின் உருளைச் சத்தம். கீழே நாடக அரங்கோ நடனக் கூடமோ இருந்தால் பாட்டு காதில் விழாது, அதன் அதிர்வு மட்டும் கட்டில் வழியாக ஏறி நள்ளிரவு தாண்டியும் நிற்காது. டெக் பிளானில் பெயர் எதுவும் எழுதாமல் வெறும் வெள்ளையாக விட்டிருக்கும் இடங்களையும் கவனியுங்கள். அவை பெரும்பாலும் பணியாளர்கள் புழங்கும் இடங்களாக இருக்கும். அங்கே இரவு பகல் என்று பார்க்காமல் வேலை நடக்கும். மேலேயும் கேபின், கீழேயும் கேபின் என்று இருக்கும் தளம்தான் நல்ல தளம். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

இரண்டாவது, ஆட்டம். பேருந்தில் கடைசி சீட்டில் உட்கார்ந்தால் எப்படித் தூக்கிப் போடுமோ, கப்பலில் முன்முனையும் பின்முனையும் அப்படித்தான். கப்பலின் நடுப்பகுதியில் ஏற்ற இறக்கம் குறைவு. இன்றைய கப்பல்களில் பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்க இருபுறமும் தண்ணீருக்குள் நீளும் துடுப்புகள் இருக்கின்றன. அவை இட வலமாகச் சாய்வதைத்தான் அடக்கும், முன்பக்கம் ஏறி இறங்குவதை அடக்காது. இந்தக் கடலில் அது முக்கியம். ஜூன், ஜூலையில் திருகோணமலைப் பக்கம் கடல் அமைதியாக இருக்கும், ஏனென்றால் தீவே காற்றைத் தடுத்து நிற்கிறது. தெற்கே அம்பாந்தோட்டையை நெருங்கும்போது அந்தத் தடுப்பு விலகிவிடும், தென்மேற்குக் காற்று முன்பக்கமாக வந்து மோதும். அந்த நேரத்தில் நடுப்பகுதியில் இருந்த எங்கள் அறையில் மேசை மேல் வைத்த தண்ணீர் டம்ளரில் மெல்லிய அலை மட்டும்தான் தெரிந்தது. முன்பக்கத்தில் இருந்தவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார்கள்.

உயரமும் இதில் சேரும். மேலே போகப் போகச் சாய்வு அதிகம் தெரியும். அப்படியென்றால் பால்கனி இருக்கும் தளங்களிலேயே கீழானதை எடுத்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் ஒரு சிக்கல். உயிர்காப்புப் படகுகள் பெரும்பாலும் அந்த உயரத்தில்தான் தொங்கவிடப்பட்டிருக்கும். அவற்றுக்கு நேர் மேலே பால்கனி அமைந்தால் எட்டிப் பார்க்கும்போது தண்ணீருக்குப் பதிலாகப் படகின் முதுகு தெரியும். அதே மட்டத்தில் அமைந்தால் எதிரே படகு மட்டும்தான். இப்படிப்பட்ட கேபின்களைப் பார்வை மறைந்தவை என்று குறிப்பிட்டு விலை குறைத்துத்தான் விற்பார்கள், ஆனால் ஏஜென்ட் அந்தக் குறிப்பைப் படித்துச் சொல்ல வேண்டுமே! படகுகளுக்கு ஒன்றிரண்டு தளம் மேலே, நடுப்பகுதியில், மேலும் கீழும் கேபின்கள் இருக்கும் தளம் என்று நாங்கள் தேடியபோது கடைசியில் கைவிரலில் எண்ணக்கூடிய அறைகளே மிஞ்சின. பழைய கப்பல்களில் பால்கனி அறைகளே குறைவு. 1990-களின் நடுவில்தான் கப்பல் கட்டுபவர்கள் பால்கனியை வரிசை வரிசையாக வைக்கத் தொடங்கினார்கள். எனவே நல்ல இடம் வேண்டுமென்றால் முன்கூட்டியே எடுப்பது ஒன்றுதான் வழி.

பால்கனியின் கைப்பிடிச் சுவரையும் கேட்டுக்கொள்ளுங்கள். சில தளங்களில் அது கண்ணாடி, சில தளங்களில், குறிப்பாக முன்பக்கத்தில், இரும்புத் தகடு. நிற்பவர்களுக்கு வித்தியாசம் இல்லை. உட்கார்ந்தே பார்க்க வேண்டியவருக்கு இரும்புத் தகடு என்றால் வானம் மட்டும்தான். அப்பாவுக்காக நான் முதலில் உறுதி செய்துகொண்டது இதைத்தான்.

பின்முனைப் பால்கனிகளுக்கு ஒரு தனிக் கூட்டம் உண்டு. கப்பல் விட்டுச் செல்லும் வெண்ணுரைப் பாதையை அங்கிருந்து பார்க்கலாம், சில கப்பல்களில் பால்கனியும் சற்றுப் பெரிது. ஆனால் இயந்திரத்தின் அதிர்வு அங்கேதான் அதிகம், காற்றின் போக்கைப் பொறுத்துப் புகைப்போக்கியின் கரித்தூளும் நாற்காலியில் படியும். எல்லாவற்றுக்கும் மேலாக லிஃப்ட்டிலிருந்து அவ்வளவு தூரம் நடக்க வேண்டும். முன்முனையில் வேறு தொல்லை. துறைமுகத்தை அடையும் அதிகாலையில் நங்கூரச் சங்கிலி இறங்கும் சத்தமும், கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் உந்திகளின் உறுமலும் அங்கேதான் முதலில் கேட்கும்.

லிஃப்ட்டுக்குப் பக்கத்திலேயே எடுப்பதா? முழங்கால் வலிக்காரருக்கு அது வசதிதான், ஆனால் லிஃப்ட்டுக்காக நிற்கும் கூட்டத்தின் பேச்சு அறைக்குள் வரும். லிஃப்ட்டிலிருந்து நாலைந்து கதவு தள்ளி எடுத்தோம். நடக்கவும் முடிந்தது, தூங்கவும் முடிந்தது. பக்கத்து அறையோடு இணைக்கும் கதவு உள்ள கேபின் குடும்பமாகப் போகிறவர்களுக்கு நல்லது, இரண்டு அறைகளும் நமக்கே என்றால். அந்தப் பக்கம் வேறு யாரோ என்றால் அவர்கள் தொலைக்காட்சி நம் அறையில் ஓடும். டெக் பிளானில் இரண்டு அறைகளுக்கு நடுவே ஒரு சின்ன அம்புக்குறி போட்டிருப்பார்கள், அதைத் தேடுங்கள். பால்கனிக்குப் போகும் இடத்தில் உயரமான நிலைப்படி இருக்கும், தண்ணீர் உள்ளே வராமல் இருக்க. அப்பா ஒவ்வொரு முறையும் என் தோளைப் பிடித்துத்தான் தாண்டினார். சக்கர நாற்காலி வேண்டியவர்களுக்கு அகலமான கதவோடு, தடுப்பு இல்லாமல் தனி அறைகள் உண்டு. அவை மிகக் குறைவு என்பதால் எல்லாவற்றுக்கும் முன்னால் அதைக் கேட்டுவிடுங்கள்.

வலப்பக்கமா இடப்பக்கமா என்று பலர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். சென்னையிலிருந்து தெற்கே போகும்போது கரை வலப்பக்கம், சூரியோதயம் இடப்பக்கம். திரும்பும்போது எல்லாம் மாறிவிடும். போய்த் திரும்பும் பயணத்தில் கணக்கு சரியாகிவிடுகிறது. மதிய வெயில் மேற்கிலிருந்து அடிக்கும் என்பதால் போகும்போது இடப்பக்கம் நிழலாக இருந்தது, வரும்போது சாப்பாட்டுக்கு அப்புறம் திரையை இழுத்துவிட்டோம். ஒருவழிப் பயணம் என்றால் மட்டும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள்.

துறைமுகத்தில் எதிர்பார்த்ததைவிட எல்லாம் ஒழுங்காக நடந்தது. பெட்டிகளில் கேபின் நம்பர் எழுதிய அட்டையை மாட்டிவிட்டால் போதும், அவை நேரே அறை வாசலுக்கு வந்துவிடுகின்றன. மருந்து, மாற்றுத்துணி, கடவுச்சீட்டு மூன்றையும் மட்டும் கைப்பையில் வையுங்கள், பெட்டி வர மாலையாகலாம். சக்கர நாற்காலிக்கு முன்பே சொல்லியிருந்தேன். ஒரு பணியாளர் அப்பாவைப் பாதுகாப்புச் சோதனையிலிருந்து ஏறுபாலம் வரை தள்ளிக்கொண்டு வந்தார். சரிவில் ஏறும்போது நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இழுத்துப் போனார், பெரியவருக்குப் பயமாக இருக்கக் கூடாது என்று. அந்த அக்கறைக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

கப்பல் கிளம்பிய பிறகு அப்பா அந்தப் பால்கனி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை என்று சொல்லலாம். மீன்பிடிப் படகுகளை எண்ணிக்கொண்டு, காற்று எந்தப் பக்கம் என்று சொல்லிக்கொண்டு, தூரத்தில் போகும் சரக்குக் கப்பல் எங்கிருந்து வருகிறது என்று ஊகித்துக்கொண்டு இருந்தார். அம்மா முதல் நாளே புடவையை அலசிக் கம்பியில் உலர்த்தப் போனார். கப்பலில் அதற்கு அனுமதி இல்லை. காற்றில் பறந்து கீழ்த்தளத்தில் சிக்கினால் ஆபத்து என்று அறையைப் பார்த்துக்கொள்ளும் பெண் பொறுமையாக விளக்கி, குளியலறையில் இழுத்துக் கட்டும் கொடியைக் காட்டிக் கொடுத்தார். இன்னொன்று, பால்கனிக் கதவு திறந்திருக்கும்போது அறைவாசல் கதவைத் திறக்காதீர்கள். காற்று சுரங்கம் மாதிரி பாய்ந்து கதவைப் படாரென்று அறையும், விரல் நசுங்கும்.

சித்தப்பா அந்த மலிவுத் திட்டத்தில்தான் எடுத்தார். அவருக்குக் கிடைத்தது நீச்சல் குளத் தளத்துக்கு நேர் கீழே. சித்திக்குத் தூக்கமே இல்லை. மதியம் எங்கள் அறைக்கு வந்து படுத்துக்கொள்வார். ஊர் திரும்பியதும் ஏஜென்சியில் கேட்டபோது, "அந்தத் திட்டம் அப்படித்தான் சார்" என்று விதியைக் காட்டினார்கள். விதி சரிதான். ஆனால் வயதானவர்கள் வருகிறார்கள் என்று தெரிந்த பிறகு அதை முதலிலேயே விளக்கிச் சொல்லாதது பெரிய குறை. இந்தச் சேவைக்குக் கட்டணம் வாங்குகிறவர்கள் அந்த ஒரு வாக்கியத்தையாவது சொல்ல வேண்டும்.

நம் போன்றவர்களுக்கு ஆவண விஷயம் ஒன்று. வெளிநாட்டுக் கடவுச்சீட்டில், ஒருமுறை மட்டும் நுழையும் இந்திய விசாவில் வந்திருந்தால், இலங்கை போய்த் திரும்புவது இரண்டாவது நுழைவாகிவிடும். பலமுறை நுழையும் விசாவோ, ஓசிஐ அட்டையோ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வேண்டும். இலங்கைக்கான நுழைவு அனுமதி உங்கள் கடவுச்சீட்டுக்கு என்ன என்பதையும் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் ஆளுக்கொரு கடவுச்சீட்டு என்றால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. பணம் கட்டும் முன் கேபின் நம்பர், டெக், பார்வை மறைவு உண்டா இல்லையா, சக்கர நாற்காலி உதவி ஆகிய நான்கையும் ஏஜென்ட்டிடமிருந்து மின்னஞ்சலில் வாங்கிவிடுங்கள். தொலைபேசியில் சொன்னது போதாது.