பரோக் இசையைக் கீழே இருந்து கேளுங்கள்

மேற்கத்திய செவ்வியல் இசை என்றாலே மணிக்கணக்கில் ஓடும் சிம்பொனி என்று நினைத்து ஒதுங்குகிறவர்களிடம் நான் பரோக்கில் ஆரம்பிக்கச் சொல்வேன். 1600 முதல் 1750 வரை ஐரோப்பாவில் எழுதப்பட்ட இசைக்குத்தான் பொதுவாக அந்தப் பெயர். வாசிப்பவர்கள் பெரும்பாலும் சிறு குழு, பகுதிகள் மூன்று நான்கு நிமிடம், தாளம் சட்டென்று பிடிபடும். சில வருடங்களாக அநேகமாகத் தினமும் கேட்கிறேன். எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது, இசைக்குறிப்பும் படிக்க வராது.

எல்லோரையும் போல நானும் 'பரோக்கின் சிறந்தவை' வகைத் தொகுப்புகளில்தான் நுழைந்தேன். பாகல்பெல்லின் கேனன், பாக்கின் ஏர், விவால்டியின் வசந்தம், அல்பினோனியின் அடாஜியோ. தனித்தனியே எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மெதுவானவற்றையே பொறுக்கி அடுக்கியிருப்பதால் அரை மணி நேரத்தில் ஹோட்டல் வரவேற்பறை இசை ஆகிவிடும். அந்த அடாஜியோ பரோக்கே இல்லை என்பது வேறு விஷயம். 1958-இல் ரெமோ ஜியாசோட்டோ என்ற இத்தாலியர் வெளியிட்டது அது.

எனக்குக் கதவு திறந்தது பாஸில், அதாவது இசையின் அடியில் ஓடும் தாழ்ந்த ஸ்வர வரியில். இந்த இசையில் மெட்டைத் துரத்துவதை விட்டுவிட்டு, அடியில் ஓடும் செல்லோவை, வயலின் குடும்பத்தின் அந்தப் பெரிய, தாழ்ந்த குரல் வாத்தியத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கேனனில் செல்லோவுக்கு இருப்பது எட்டே ஸ்வரங்கள். அதையே 28 முறை வாசிக்கிறது. மேலே மூன்று வயலின்கள், மூன்றுக்கும் ஒரே மெட்டு. ஒன்று தொடங்கிச் சற்று நேரம் கழித்து அடுத்தது, அப்புறம் மூன்றாவது. எட்டு ஸ்வரம் மனதில் பதிந்துவிட்டால் மேலே யார் எங்கே இருக்கிறார்கள் என்று தானாகத் தெரிகிறது. பாக்கின் ஏரில் வயலின் நீளமாக இழுக்கும்போது பாஸ் மேலும் கீழுமாகச் சீராக அடியெடுத்து வைத்துக்கொண்டே இருக்கும். 1741-இல் அச்சான பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸின் முப்பது வடிவங்களும் முதலில் வரும் ஏரியா என்ற பகுதியின் பாஸ் மேல்தான் கட்டப்பட்டவை, அதன் மெட்டின் மேல் அல்ல. மெட்டைத் தேடிக்கொண்டிருந்தால் பிடி கிடைக்காது.

பல படைப்புகளில் இயற்றியவர் பாஸ் வரியை எழுதி, கூடவே எண்களைக் குறித்துவிட்டுப் போய்விடுவார். ஹார்ப்சிகார்ட் என்ற, பியானோ போன்ற விசைப்பலகை வாத்தியத்தின் கலைஞர் அந்த எண்களைப் பார்த்து மேலே சேர்க்க வேண்டியதை அந்த இடத்திலேயே கட்டிக்கொள்வார். ஒரே படைப்பு ஆளுக்கு ஆள் மாறி ஒலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்காகப் பெரிய செலவு வேண்டாம், ஆனால் போன் ஸ்பீக்கர் மட்டும் உதவாது. கீழ் ஸ்வரங்கள் அதில் ஏறக்குறைய காணாமல் போய்விடும். சுமாரான ஹெட்போன் போதும். ஹார்ப்சிகார்ட் தனியாக வரும்போது சத்தத்தைக் குறைத்து வையுங்கள். தந்தியை மீட்டும் கருவி அது. விரலின் அழுத்தத்தால் ஒலியைக் கூட்டிக் குறைக்க முடியாது. சத்தமாக வைத்தால் கால் மணி நேரத்தில் காது சலித்துவிடும்.

பதிவு எது என்பதும் முக்கியம். 1968-இல் பாய்யார் குழு பதிவு செய்த கேனன்தான் அந்தப் படைப்பைப் பிரபலமாக்கியது. ஏழு நிமிடம் ஊர்ந்து போகும். அந்தக் காலத்து வாத்தியங்களோடு அந்தக் கால முறையிலேயே வாசிக்கும் குழுக்கள் அதில் பாதி நேரத்தில் முடித்துவிடுகின்றன, துள்ளல் தெரிகிறது. இவர்களுடைய வயலினில் விலங்குக் குடலில் செய்த தந்தி இருக்கும், சுருதியும் பெரும்பாலும் இன்றையதைவிட அரை ஸ்வரம் தாழ்வு. ஓசை கொஞ்சம் சொரசொரப்பு. எனக்கு இப்போது அதுதான் பிடிக்கிறது.

1725-இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான விவால்டியின் நான்கு பருவங்களில் இன்னும் அலுக்காத இடம் வசந்தத்தின் இரண்டாம் பகுதி. தூங்கும் ஆட்டிடையன் தனி வயலின். இலைகளின் சலசலப்பு மற்ற வயலின்கள். குரைக்கும் நாய் வியோலா, வயலினைவிடச் சற்றுப் பெரிய, தாழ்ந்த குரல் வாத்தியம். இங்கே செல்லோவுக்கு வேலையே இல்லை, ஆகவே அடிக்குரல் நாயினுடையது! வியோலாவை எப்போதும் மிக உரக்க வாசிக்கச் சொல்கிறது விவால்டியின் குறிப்பு. இடையன் தூங்கட்டும் என்றோ என்னவோ, பல பதிவுகளில் அதை அமுக்கிவிடுகிறார்கள். இல் ஜார்தினோ அர்மோனிகோ என்ற குழுவின் பதிவை ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

குறை என்றால் கேட்கும் செயலிகளில். இலவசக் கணக்கில் இரண்டு பகுதிகளுக்கு நடுவே சோப்பு விளம்பரம் வரும். ஷஃபிளில் விட்டால் கோடைக்கு முன் குளிர்காலம் வந்துவிடும். முழுப் படைப்பாகத் தேடி வரிசையாகப் போடுங்கள்.

ஹாண்டலின் ஓபராக்கள் மட்டும் எனக்கு இன்னும் ஒட்டவில்லை. ஒவ்வொரு பாட்டிலும் முதல் பாதியைத் திரும்பப் பாடி, மூன்று மணி நேரம் போகிறது. ஓபராதான் வேண்டும் என்றால் பர்செலின் டைடோ அண்ட் ஈனியாஸ் போடுங்கள். சுமார் ஒரு மணி நேரம்தான். கடைசியில் டைடோ பாடும் புலம்பலின் அடியிலும் படிப்படியாக இறங்கும் ஒரே பாஸ் வரி திரும்பத் திரும்ப வரும். அவள் பாடும் வாக்கியங்கள் அந்தச் சுற்றோடு சேர்ந்து முடியாமல், அடுத்த சுற்றுக்குள் வழிந்து போகும். அதற்குள் உங்களுக்கே அது காதில் விழுந்துவிடும்.